உங்களுக்காகவே போடப்பட்ட நாடகம்! 100 வருஷத்துக்கு முந்தைய உளவு வலையும் இன்றைய வாட்ஸ்அப் வேலை மெசேஜும்

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ட்ரெயின் ஏறுறீங்க. ஜன்னல் சீட் கிடைச்சாச்சு. கவரைப்பேட்டை, பொன்னேரி தாண்டுறதுக்குள்ள இயர்போனை மாட்டி ஏதாவது ஒரு ஸ்பை சீரிஸை ஓட விடுறீங்க. மீஞ்சூர் வரும்போது திரையின் மேலே ஒரு மெசேஜ் எட்டிப் பார்க்குது. 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. ஒரு வாரத்தில் கிளம்பணும்.' அனுப்பினது யாரோ தெரியாத ஆள்கூட இல்லை. கூட ஐ.டி.ஐ படிச்ச பையன்.

சீரிஸில் வர்ற ஹீரோவைப் பார்த்து, "டேய், அது ட்ராப்டா, போகாத"ன்னு மனசுக்குள்ள கத்துற நாம, இந்த மெசேஜைப் பார்த்ததும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்போம். இது உங்க தப்பு இல்லை. நல்ல பொறி பொறி மாதிரியே தெரியாது. உங்களுக்கு எது ரொம்பத் தேவையோ, அதே உருவத்தில்தான் அது வந்து நிற்கும்.

இந்த உண்மையை முழுசாகப் புரிந்துகொள்ள ஒரு பழைய டி.வி தொடர் இருக்கிறது. பெயர் 'ஆபரேஷன் டிரஸ்ட்'. சோவியத் யூனியனில் 1967ல் எடுக்கப்பட்டது. செர்கேய் கொலோசவ் இயக்கிய கறுப்பு வெள்ளைத் தொடர், மொத்தமே 4 பாகங்கள்தான். கார் சேஸிங் கிடையாது, பின்னணி இசை காதைக் கிழிக்காது. ஆட்கள் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனால், அது நிஜத்தில் நடந்த கதை. 1921 முதல் 1927 வரை, ஐரோப்பாவின் பெரிய பெரிய உளவுத் துறைகளே இல்லாத ஓர் அமைப்பை நம்பி ஏமாந்த கதை.

ஒரு கடிதத்தில் தொடங்கியது

முதலில் பின்னணி. 1917ல் ரஷ்யப் புரட்சி. போல்ஷ்விக்குகள் ஆட்சிக்கு வந்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்தது. ஜார் மன்னரின் பக்கம் நின்றவர்களில் பல லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பாரிஸ், பெர்லின், வார்சா என்று சிதறிப்போன அவர்களுக்கு ஒரே கனவுதான். 'என்றைக்காவது ஊர் திரும்பணும். இந்த ஆட்சி கவிழணும்.'

அந்தக் கனவைக் கண்காணிப்பதற்கென்றே மாஸ்கோவில் ஒரு ரகசிய போலீஸ் இருந்தது. முதலில் செக்கா, பிறகு ஜி.பி.யு, அப்புறம் ஓ.ஜி.பி.யு என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. தலைவர் பெலிக்ஸ் ஜெர்ஜின்ஸ்கி. அதன் எதிர் உளவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஆர்தூர் அர்த்தூஸோவ்.

1921ன் இறுதியில் அலெக்சாந்தர் யாகுஷேவ் என்ற அதிகாரி, வேலை விஷயமாக வெளிநாடு போனார். ஜார் காலத்து உயர் அதிகாரி, இப்போது வேறு வழியில்லாமல் புதிய அரசில் வேலை பார்ப்பவர். போகிற வழியில் எஸ்டோனியத் தலைநகர் தாலின்னில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தார். "மாஸ்கோவில் நம்ம ஆட்கள் இன்னும் இருக்காங்க, சரியான நேரத்துக்காகக் காத்திருக்காங்க" என்று மனசு விட்டுப் பேசினார். நண்பர் அந்தச் சந்தோஷத்தை பெர்லினில் இருந்த தன் கூட்டாளிகளுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தின் விவரம் மாஸ்கோ ரகசிய போலீஸின் கைக்குப் போய்விட்டது.

யாகுஷேவ் திரும்பி வந்ததும் கைது. சாதாரண போலீஸாக இருந்தால் அவரைச் சிறையில் போட்டு ஃபைலை மூடியிருப்பார்கள். அர்த்தூஸோவ் வேறு கணக்குப் போட்டார். 'இப்படி ஓர் அமைப்பு இருக்கு என்று வெளிநாட்டில் இருக்கிறவங்க நம்ப ஆசைப்படுறாங்க. அந்த ஆசையை ஏன் கெடுக்கணும்? அமைப்பை நாமே நடத்துவோம்.'

யாகுஷேவ் அவர்கள் பக்கம் திருப்பப்பட்டார். 'மத்திய ரஷ்யாவின் மன்னராட்சி ஆதரவாளர் சங்கம்' பிறந்தது. வெளியில் பேசும்போது அதற்கு ஒரு வியாபார நிறுவனத்தின் முகமூடி. 'டிரஸ்ட்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

பொய்க் கம்பெனியை எப்படி நடத்தினார்கள்?

ஒரு ஃபேக் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணுவது ஈஸி. ஆறு வருஷம் நடத்துவதுதான் கஷ்டம். டிரஸ்ட் அதை எப்படிச் செய்தது?

முதல் விஷயம், ஆட்கள் நிஜம். யாகுஷேவ் நிஜமாகவே பழைய பிரபு வர்க்க அதிகாரி. கூட நின்ற நிகோலாய் பொத்தாப்போவ் நிஜமாகவே ஜார் காலத்து ராணுவ ஜெனரல். யார் விசாரித்தாலும், "ஆமா, அவரை எனக்குத் தெரியுமே" என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள்.

இரண்டாவது, நம்பியவர்களே விளம்பரதாரர்கள் ஆனார்கள். மரியா ஸகார்ச்சென்கோ என்ற பெண், வெளிநாட்டு எதிர்ப்புக் குழு அனுப்பி வைத்த தீவிரமான ஆள். 1923ல் ரகசியமாக ரஷ்யாவுக்குள் வந்தார். பல வருஷம் டிரஸ்ட்டுக்காக உழைத்தார். அது போலீஸ் நடத்தும் நாடகம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. "உள்ளே நிஜமாவே வேலை நடக்குது" என்று அவர் பாரிஸுக்கு எழுதிய ஒவ்வொரு வரியும் மனதார எழுதியது. பொய் சொல்பவனைவிட, பொய்யை உண்மை என்று நம்பிச் சொல்பவரின் வார்த்தைக்கு எடை அதிகம். டி.வி தொடரில் இந்த வேடத்தில் நடித்தவர் இயக்குநரின் மனைவி லுத்மிலா கஸாத்கினா. வில்லியாகக் காட்டுவதற்கு எழுதப்பட்ட பாத்திரம்தான். ஆனால், பார்க்கப் பார்க்க நமக்கு அவர்மேல் பாவமாக இருக்கும்.

மூன்றாவது, சேவை நன்றாக இருந்தது. எல்லையை ரகசியமாகத் தாண்ட வேண்டுமா? டிரஸ்ட்டிடம் 'ஜன்னல்' இருக்கிறது. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட இரவு, கண்டுகொள்ளாத காவலர். போலந்து, எஸ்டோனியா, பின்லாந்து உளவுத் துறைகள் கேட்ட ராணுவத் தகவல்களும் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மாஸ்கோவில் தயாரித்தவை. அதற்குப் பணமும் வந்தது. யோசித்துப் பாருங்கள், ஏமாறுகிறவர்களே ஏமாற்றுகிற செலவையும் கொடுத்தார்கள்!

நான்காவதுதான் மிக முக்கியம். டிரஸ்ட் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை, 'கொஞ்சம் பொறுங்க'. குண்டு வைக்காதீர்கள், கலவரம் பண்ணாதீர்கள், இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் நடக்கும். எதிரிகளைப் பிடிப்பதைவிட, அவர்களைச் சும்மா உட்கார வைப்பதுதான் பெரிய வெற்றி என்று அர்த்தூஸோவுக்குத் தெரிந்திருந்தது.

பெரிய மீன்கள்

இதே பாணியில் 'சிண்டிகேட் 2' என்று இன்னொரு நாடகமும் ஓடியது. குறி, போரிஸ் சாவின்கோவ். இவர் சாமானியர் இல்லை. தலைமறைவு வாழ்க்கையிலேயே ஊறியவர், யாரையும் எளிதில் நம்பாதவர். எனவே, தன் நம்பிக்கைக்குரிய ஆட்களை ரஷ்யாவுக்குள் அனுப்பி விசாரிக்கச் சொன்னார். போனவர்களைப் பிடித்து, "எல்லாம் நிஜம்தான், நீங்க வரலாம்" என்று கடிதம் எழுத வைத்தார்கள். சாவின்கோவ் 1924 ஆகஸ்ட்டில் எல்லையைத் தாண்டினார். மின்ஸ்க் நகரில் சாப்பாட்டு மேஜையிலேயே கைதானார். அடுத்த வருஷம் மே மாதம், சிறையில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

அவர் விசாரிக்காமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். விசாரித்தார். ஆனால், அவர் கேள்வி போன பாதையும் பதில் வந்த பாதையும் எதிரியின் கையில் இருந்தன.

அடுத்தது சிட்னி ரெய்லி. பிரிட்டிஷ் உளவுத் துறையின் பெரும்புள்ளி. 1983ல் சாம் நீல் நடித்து 'ரெய்லி: ஏஸ் ஆஃப் ஸ்பைஸ்' என்று 12 பாகமாக பிரிட்டிஷ் டி.வி-யில் வந்தது இவருடைய கதைதான். 1918லேயே சோவியத் நீதிமன்றம் இவர் இல்லாமலே இவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. 1925ல் இவருக்கு அழைப்பு வந்தது, உளவுத் துறையில் கூட வேலை பார்த்த நண்பர் மூலமாக. நண்பரும் டிரஸ்ட்டை நம்பியவர்தான்.

ரெய்லி பின்லாந்து வரைக்கும் மட்டும் வருவதாகத்தான் இருந்தது. அங்கே யாகுஷேவ் அவரைப் பார்த்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இரண்டே நாள் மாஸ்கோ வந்து எங்க தலைவர்களைப் பார்த்துட்டுப் போயிடுங்களேன்." செப்டம்பர் இறுதியில் ஓர் இரவு ரெய்லி எல்லையைத் தாண்டினார். மாஸ்கோ புறநகரில் ஒரு பண்ணை வீட்டில் விருந்து, கூட்டம், பேச்சு. நண்பர்களுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட அனுமதித்தார்கள். அதன் பிறகு கைது.

இப்போது ஒரு சிக்கல். ரெய்லி திரும்பவில்லை என்றால் டிரஸ்ட் மேல் சந்தேகம் வருமே? அதற்கும் ஒரு காட்சி தயாரித்தார்கள். செப்டம்பர் 28 இரவு, பின்லாந்து எல்லையில் போலியாக ஒரு துப்பாக்கிச் சண்டை. அந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் காதில் வெடிச் சத்தம் விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். 'எல்லையில் எதிர்பாராமல் மாட்டிச் செத்துட்டார்' என்று கதை பரவியது. ரெய்லியைக் கூட்டிவந்த எல்லைக் காவலர் தோய்வோ வாஹா சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்லிவிட்டு, நிஜத்தில் அவரை வேறு பெயரில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். ரெய்லி நவம்பர் 5 அன்று கொல்லப்பட்டார்.

இதற்குப் பிறகும் டிரஸ்ட் ஓடியது! 1925 டிசம்பரில் வசீலி ஷுல்கின் என்ற முன்னாள் அரசியல்வாதி எல்லை தாண்டினார். போரில் காணாமல்போன மகனைத் தேடிப் போனார். மகன் கிடைக்கவில்லை. ஆனால், கீவ், மாஸ்கோ, லெனின்கிராட் மூன்றையும் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார். 'மூன்று தலைநகரங்கள்' என்று புத்தகம் எழுதினார். தன்னைக் காப்பாற்றிய ரகசிய நண்பர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, கையெழுத்துப் பிரதியை அவர்களிடமே கொடுத்துச் சரிபார்த்தார். அதாவது, புத்தகத்தைத் திருத்தியது ரகசிய போலீஸ்!

மகனைத் தேடும் அப்பாவின் பாசத்தையும் ஒரு கருவியாக்கிக் கொண்டார்கள். இந்தக் கதையில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

அதே வருஷங்களில் மெட்ராஸில்...

'இதெல்லாம் எங்கேயோ பனி பெய்யுற ஊர்ல நடந்தது' என்று தோன்றுகிறதா? லோக்கல் ட்ரெயினில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தால், பக்கத்தில் ராஜாஜி சாலையில் சென்னை கலெக்டர் ஆபீஸைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சிங்காரவேலர் மாளிகை.

ம.சிங்காரவேலர், 1860ல் பிறந்தவர். மீனவர் சமூகத்திலிருந்து வந்த வழக்கறிஞர். 1921ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் அங்கியை எரித்துவிட்டுத் தொழிலைக் கைவிட்டவர். 1923 மே 1 அன்று மெட்ராஸில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தினார். உயர் நீதிமன்றம் எதிரே கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்னொன்று. இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுதான் முதல் முறை. சிப்காட்டில் வேலை பார்க்கும் உங்களுக்கு மே 1 அன்று கிடைக்கிற சம்பளத்துடன் கூடிய லீவுக்குப் பின்னால் இந்தக் கடற்கரையும் இருக்கிறது.

அப்போது ஐரோப்பாவில் இருந்துகொண்டு இந்தியாவில் கம்யூனிஸ்ட் இயக்கம் கட்ட முயன்றவர் எம்.என்.ராய். பம்பாயில் டாங்கே, கல்கத்தாவில் முசாபர் அகமது, மெட்ராஸில் சிங்காரவேலர் என்று பலருக்கும் கடிதம் எழுதுவார். நேரடி முகவரிக்கு எழுதினால் மாட்டிவிடும் என்று வேறு வேறு ஆட்களின் முகவரிகளுக்கு அனுப்புவார். நாம் 'டிஸ்அப்பியரிங் மெசேஜ்' ஆன் செய்வது போலத்தான்.

ஆனால், சிசில் கே என்ற அதிகாரியின் தலைமையில் இருந்த பிரிட்டிஷ் இந்திய உளவுத் துறை, அந்தக் கடிதங்களில் பலவற்றை வழியிலேயே எடுத்துப் படித்தது. போட்டோ எடுத்துக்கொண்டு, உறையை மறுபடி ஒட்டி உரியவருக்கே அனுப்பியது. தடுத்தால் எதிராளி உஷாராகிவிடுவான். விட்டுப் பிடித்தால் மொத்த வலைப்பின்னலும் தெரியும். மாஸ்கோவில் அர்த்தூஸோவ் போட்ட கணக்கின் முதல் பாதியை டெல்லியிலும் போட்டார்கள். அங்கே போல இங்கே பொய் அமைப்பு கட்டவில்லை. நிஜமான கடிதப் போக்குவரத்தையே கண்காணிப்புக் கேமரா ஆக்கினார்கள்.

1924ல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு வந்தபோது, அந்தக் கடிதப் போட்டோக்கள்தான் சாட்சி. 'பிரிட்டிஷ் மன்னரின் இறையாண்மையைப் பறிக்கச் சதி' என்பது குற்றச்சாட்டு. டாங்கே, முசாபர் அகமது, சவுகத் உஸ்மானி, நளினி குப்தா நால்வருக்கும் தலா 4 வருஷம் சிறை. மெட்ராஸில் கைதான சிங்காரவேலருக்கு அப்போது 64 வயது. உடல்நிலை மோசமாக இருந்ததால் ஜாமீன் கிடைத்தது, பிறகு அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

மனுஷன் பயந்து ஒதுங்கிவிட்டாரா? இல்லை. 1925 டிசம்பரில், வழக்கு நடந்த அதே கான்பூரில் கூடிய முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், வெளிப்படையாக, மேடை போட்டு. ஷுல்கின் ரகசியமாக எல்லை தாண்டிய அதே மாதம். ஒருவர் இல்லாத அமைப்பை நம்பி இருட்டில் நடந்தார். இன்னொருவர் கண்காணிப்பு இருக்கிறது என்று தெரிந்தே வெளிச்சத்தில் வந்து நின்றார்.

டிரஸ்ட் எப்படி உடைந்தது?

போலந்தில் ஆட்சியைப் பிடித்த மார்ஷல் பில்சுட்ஸ்கிக்கு ஒரு சந்தேகம். 'இவ்வளவு பெரிய அமைப்பு என்றால், சோவியத் ராணுவம் போருக்குத் திரளும் திட்டத்தைக் கொண்டு வாங்க பார்ப்போம்' என்றார். டிரஸ்ட் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. ஆனால், பில்சுட்ஸ்கி அதைச் சும்மா நம்பவில்லை. அவர்களிடம் வேறு வழியில் இருந்த விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. போலி!

சாவின்கோவ் செய்யத் தவறியது இதைத்தான். 'நீங்க நிஜமா?' என்று ஏமாற்றுகிறவரிடமே கேட்டுப் பயன் இல்லை. அவருடைய கை எட்டாத இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

1927 ஏப்ரலில் டிரஸ்ட்டின் உள்ளே இருந்த முக்கிய ஆளான ஓபெர்புட், பின்லாந்துக்குத் தப்பி ஓடி எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். மரியா ஸகார்ச்சென்கோவுக்கு அன்றுதான் உண்மை தெரிந்தது. தன் நாலு வருஷ உழைப்பு யாருக்குப் போனது என்று தெரிந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அதே வருஷம் ஜூனில், பழிவாங்க மறுபடி ரஷ்யாவுக்குள் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

ஜெயித்தவர் கதை? அர்த்தூஸோவை 1937ல் அவருடைய அரசே வெளிநாட்டு உளவாளி என்று குற்றம்சாட்டிச் சுட்டுக் கொன்றது. எல்லோரையும் சந்தேகப்படவே பழகிய இயந்திரம், ஒருநாள் தன்னை ஓட்டியவரையும் சந்தேகப்பட்டது. 1967 தொடர் இந்த முடிவைக் காட்டாது. அரசு பெருமைப்பட்டுக்கொள்ள எடுத்த தொடர் அது. அதைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போ உங்க போனுக்கு வருவோம்

மீஞ்சூரில் வந்த அந்த மெசேஜுக்கு வருவோம். 2022ல் இதே மாதிரி, தாய்லாந்தில் ஐ.டி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் பலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, மின்சார ஷாக். மீட்கப்பட்ட 13 தமிழர்கள் அந்த வருஷம் அக்டோபரில் சென்னை வந்து இறங்கினார்கள். போனவர்கள் முட்டாள்கள் இல்லை. படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்பதால்தான் குறிவைக்கப்பட்டார்கள்.

இப்போது டிரஸ்ட்டின் நாலு வேலைகளையும் இதோடு பொருத்திப் பாருங்கள்.

ஆட்கள் நிஜம்: ஆபீஸ் இருக்கும், இன்டர்வியூ நடக்கும், விசிட்டிங் கார்டு இருக்கும்.

நம்பியவரே விளம்பரதாரர்: மெசேஜை அனுப்பிய உங்க நண்பனும் அதை நிஜம் என்றே நம்புகிறான். 'நல்ல பையன்தான் அனுப்பினான்' என்பது அந்தப் பையனுக்கான சர்டிஃபிகேட், வேலைக்கானது அல்ல.

சேவை பிரமாதம்: டிக்கெட் உடனே வரும். விசா ஒரே நாளில் வரும். ஆனால், அது டூரிஸ்ட் விசாவாக இருக்கும்.

கொஞ்சம் பொறுங்க: 'அங்க போனதும் வொர்க் பெர்மிட் மாத்திக்கலாம். வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதீங்க, கன்ஃபர்ம் ஆகட்டும்.'

டிஜிட்டல் அரெஸ்ட்டும் இதே நாடகம்தான், வேறு செட். யூனிஃபார்ம், பின்னால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி சுவர், வீடியோ கால். "லைனை கட் பண்ணக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்பார்கள். ஏன்? நீங்கள் வேறு பாதையில் விசாரித்துவிடக் கூடாது. சாவின்கோவுக்குப் போட்ட அதே வேலி. உண்மையில் இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்றே கிடையாது. எந்த போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது, விடுவிக்கப் பணமும் கேட்காது.

பில்சுட்ஸ்கி மாதிரி செக் பண்ணுங்க

வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் கொடுக்கும் லிங்க்கைத் தொடாமல், நீங்களாகவே மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தைத் தேடிப் போங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் அங்கே இருக்கும். அதில் பெயர் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பெயர் இருந்தாலும், பட்டியலில் உள்ள போன் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு, "இந்த வேலை உங்களுடையதா?" என்று கேளுங்கள். பெரிய கம்பெனி பெயரைத் திருடி நடத்துவதும் உண்டு.

ஏஜென்ட் வாங்கும் சர்வீஸ் சார்ஜுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 'ஒன்றரை லட்சம் கொடு, சீட் கன்ஃபர்ம்' என்றால் அங்கேயே கதை முடிந்தது. ரசீது கட்டாயம் கேளுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். எந்த நாடு, எந்தக் கம்பெனி, எந்த முகவரி என்று வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் கேட்கலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

எல்லாவற்றையும்விட எளிதான ஒன்று. யாராவது, 'இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று சொன்னால், முதல் வேலையாக யாரிடமாவது சொல்லுங்கள். அம்மா, அண்ணன், ரூம்மேட், ஷிஃப்ட் சூப்பர்வைசர், யாராக இருந்தாலும் சரி. நாடகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், டிக்கெட் வாங்காத ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் செட்டின் பின்பக்கம் தெரிந்துவிடும்.

ஆனா, எல்லாரையும் சந்தேகப்படணுமா?

வேண்டாம். இதுதான் கடைசியாகச் சொல்ல வேண்டியது.

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களை இங்கே நடந்ததாக ஒட்டியிருந்தார்கள். தமிழ்நாடு போலீஸ் அவற்றைப் போலி என்று மறுத்து வழக்குப் போட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த வீடியோவை அனுப்பியது உளவாளி இல்லை. ஊரில் இருந்து கவலைப்பட்ட அம்மாவோ தம்பியோதான்.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உங்கள் பக்கத்தில் நிற்கிற பீகார் பையனுக்கும், காக்களூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒடிசா அண்ணனுக்கும் அந்த வாரம் என்ன தேவைப்பட்டது? "பாய், அது பொய் வீடியோ. நான் இங்கதானே இருக்கேன்" என்று சொல்ல ஒரு ஆள். போனில் வந்த பொய்யை நேரில் நின்ற ஒரு மனிதரால் முறிக்க முடிந்தது.

அர்த்தூஸோவின் உலகத்தில் யாரும் யாரையும் நம்ப முடியவில்லை, கடைசியில் அவரையும் அது விழுங்கியது. நமக்கு அந்த உலகம் வேண்டாம். மெசேஜைச் சந்தேகப்படுங்கள், மனிதரை நேரில் கேளுங்கள். நண்பன் அனுப்பிய வேலை மெசேஜுக்கு, "டேய், பட்டியல்ல பெயர் இருக்கான்னு பாத்தியா?" என்று ஒரு பதில் போடுங்கள். அவனும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு வரி அவனையும் காப்பாற்றலாம்.